மட்கும் தாளும் மறுபதிப்பும்: அமெரிக்க மலிவுத் திகிற் கதைகள் பற்றிச் சில சிந்தனைகள்

இலக்கிய வரலாறு பெரும்பாலும் நூலகத் தட்டுகளில் நிலைத்து நின்ற நூல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. நிலையாது போனவை எவை, அவை ஏன் நிலைக்கவில்லை, நிலைத்தவற்றை நிலைக்கச் செய்தவர் யாவர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன. இவ்வினாக்களை எழுப்பிப் பார்ப்பதற்கு வாய்ப்பான துறையொன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் மலிவுத் தாளிலே பெருகி வெளிவந்த மாயக் கதைகளும் திகிற் கதைகளுமே அத்துறையாகும். அவற்றின் மறுபதிப்புகளைத் தேடிச் சேர்ப்போர் இன்று பல நாடுகளிலும் உளர். பழைய புத்தகக் கடைகளிலே அட்டை கிழிந்த பிரதிகளைப் புரட்டி ஒன்றிரண்டை வாங்கிச் சேர்க்கும் பழக்கம் எமக்கும் உண்டு.

பேயும் பூதமும் மந்திரவாதியும் உலாவும் இக்கதைகளைப் பற்றி இங்கு பேசுவானேன் என்று அன்பர் சிலர் கேட்கக்கூடும். நசிவிலக்கியம் என ஒரே சொல்லிற் கூறி இவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயின், தொழிலாளரும் குமாஸ்தாக்களும் பள்ளி மாணவரும் தம் கைக்காசைக் கொடுத்து வாங்கிப் படித்தவற்றை ஒதுக்கிவிட்டு மக்களின் வாசிப்பு வரலாற்றை எழுத முடியாது. அன்றியும், இக்கதைகளின் உள்ளடக்கத்தைக் காட்டிலும் இவை எழுதப்பட்ட விதமும் விற்கப்பட்ட விதமும் மறக்கப்பட்ட விதமும் மீண்டும் அச்சேறிய விதமும் நமக்குக் கற்பிப்பன பல. அவற்றையே ஈண்டு நோக்குவோம்.

முதலிலே தாளைப் பற்றிச் சில வார்த்தை. 1896இல் பிராங் மன்சி என்னும் வெளியீட்டாளர் ‘ஆர்கோசி’ என்ற தமது சஞ்சிகையை முழுக்க முழுக்கக் கதைகளே கொண்டதாக மாற்றி, மிக மலிவான மரக்கூழ்த் தாளிலே அச்சிட்டு, 10 சதத்துக்கு விற்றார். அதனைப் பின்பற்றி அடுத்த அரை நூற்றாண்டிலே எண்ணற்ற சஞ்சிகைகள் தோன்றின. தாளின் பெயரே அவற்றின் இனப்பெயருமாயிற்று. ‘பல்ப்’ என்றால் கூழ். மரத்தை இயந்திரத்திலிட்டு அரைத்துப் பெறும் கூழில் லிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாமலே எஞ்சியிருக்கும். ஒளியும் காற்றும் பட்டதும் அது தாளைப் பழுப்பாக்கும். தாளிலுள்ள அமிலம் நாளடைவில் அதன் இழைகளை அரித்துவிடும். பின்னர் பக்கத்தைப் புரட்டினால் விளிம்பு பொடியாகி விரலோடு வரும். இச்சஞ்சிகைகள் படித்துவிட்டு எறிவதற்கென்றே செய்யப்பட்ட பண்டங்கள். ஆகவே, இக்கதைகளைப் பொறுத்தவரை மறுபதிப்பு என்பது வெறும் வசதியன்று. கதை பிழைப்பதும் அழிவதும் அதனைப் பொறுத்தே அமைந்தன.

மாயமும் திகிலும் கலந்த கதைகளுக்கென்றே நடத்தப்பட்ட சஞ்சிகைகளுள் தலையாயது ‘வியர்ட் டேல்ஸ்’. 1923 மார்ச்சில் சிக்காகோ நகரிலே அது தோன்றியது. 1924ஆம் ஆண்டின் இறுதி தொடக்கம் 1940 வரை அதன் ஆசிரியராக இருந்தவர் பார்ன்ஸ்வேர்த் றைட். அவருக்குப் பின் டொரதி மக்கில்றெயித் என்னும் பெண்மணி அப்பொறுப்பை ஏற்றார். கடனும் நட்டமும் தொடர்ந்து துரத்த, 279 இதழ்களை வெளியிட்டபின் 1954 செப்டெம்பரில் அது நின்றுபோயிற்று. இன்று திகிற் கதையென்றதும் பலர் முதலில் நினைக்கும் எச். பி. லவ்கிராவ்ட், ‘கொனன்’ என்னும் வாள்வீரனைப் படைத்த றொபேட் ஹவார்ட், கவிஞரும் கதைஞருமான கிளாக் அஷ்டன் ஸ்மித் ஆகிய மூவரும் வளர்ந்த களம் அதுவே.

இவர்கள் பெற்ற கூலி யாது? சொல்லுக்கு அரைச் சதம் தொடக்கம் ஒரு சதம் அல்லது அதற்குச் சற்று மேல் என்பதே வழக்கமான கணக்கு. அதுவும் கதையை ஏற்றுக்கொண்ட அன்று தரப்படுவதில்லை. கதை அச்சேறிய பின்னரே பணம் வரவேண்டும். பெருமந்த காலத்திலே பல வேளைகளில் அப்போதும் வரவில்லை. ஹவார்ட்டின் வாழ்க்கை இதற்குச் சான்று. டெக்சாஸ் மாநிலத்தின் சிற்றூரொன்றிலே, காசநோயால் வருந்திய தாயைப் பராமரித்துக்கொண்டு அவர் எழுதினார். தாயின் மருத்துவச் செலவு ஏறியபோது, தமக்குச் சேரவேண்டிய பணத்தையேனும் அனுப்புமாறு 1935இல் றைட்டுக்கு மன்றாடிக் கடிதம் எழுதினார். 1936 யூன் 11ஆம் நாள், தாய் இனிக் கண்விழிக்கமாட்டாள் என்று அறிந்ததும், தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 30. சஞ்சிகை அவருக்குத் தரவேண்டியிருந்த தொகை 1000 டொலருக்கு மேல். அவருடைய மரணத்துக்குக் காரணம் அக்கடன் மட்டுமே என்று நாம் கூற வரவில்லை. மனத்தின் வேதனைகளைக் கணக்கேட்டிலே அடக்கிவிட முடியாது. எனினும், உழைப்புக்கு உரிய ஊதியம் கிடையாத எழுத்தாளன் ஒருவன் தன் துயரைத் தனியே சுமந்தான் என்பது மறுக்க முடியாத உண்மை.

ஸ்மித்தின் நிலையும் வேறன்று. கலிபோர்னியாவில் ஓபர்ன் என்னும் ஊர்ப்புறத்தே மின்னொளியற்ற மரக்குடிலிலே வாழ்ந்த அவர், முதுமையுற்ற பெற்றோரைக் காப்பதற்காகவே சில ஆண்டுகள் ஓயாது கதை எழுதினார். பழம் பறித்தும் விறகு வெட்டியும் தோட்டவேலை செய்தும் பிழைத்தார். கத்தரின் லூசில் மூர் என்னும் இளம்பெண், பெருமந்தத்தாற் பல்கலைக்கழகப் படிப்பைக் கைவிட்டு இந்தியானாபொலிஸ் நகர வங்கியொன்றிலே பணிபுரிந்தவர். 1933 நவம்பரில் ‘ஷாம்பிளோ’ என்னும் கதையோடு அவர் புகழ்பெற்றார். அதன்கீழ் இருந்த பெயர் சி. எல். மூர் என்பதே. பெண் என்பதை மறைக்கவே முதலெழுத்துகளைப் பயன்படுத்தினார் என்று பலர் எழுதியுள்ளனர். ஆனால் அவரே பின்னர் கூறிய காரணம் வேறு. தமக்கு வேறு வருமானம் உண்டென்று வங்கிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்பதே அவருடைய அச்சம்! ஆட்குறைப்புக் காலத்திலே அவ்வச்சம் கதையில் வரும் எந்தப் பேயினும் கொடியதாக இருந்திருக்கும்.

அட்டைப்படங்களை எடுத்துக்கொள்வோம். ‘வியர்ட் டேல்ஸ்’ இதழுக்கு 66 அட்டைகளைத் தீட்டியவர் மாகிரட் பிரண்டேஜ் என்னும் பெண். அரைகுறை ஆடையணிந்த நங்கையர் தோன்றும் அப்படங்கள் இதழை விற்றன. அட்டை ஒன்றுக்கு அவருக்குக் கிடைத்தது 90 டொலர். அவருடைய கணவர் உலகக் கைத்தொழிலாளர் சங்கத்தைச் சார்ந்த தீவிரவாதி. சிக்காகோவின் இடதுசாரிகளும் கலைஞரும் கூடி விவாதித்த ‘டில் பிக்கிள்’ மன்றத்திலேயே இருவரும் சந்தித்தனர். மகனையும் தாயையும் தம் தூரிகையாலேயே காப்பாற்றிய அப்பெண், தொழிலாளர் இயக்கச் சூழலிலிருந்து வந்து சந்தைக்கு வேண்டிய நிர்வாணத்தைத் தீட்டினார். இம்முரண்பாட்டை எள்ளி நகையாடுவோர் அக்காலத்தே பெண்ணொருத்திக்கு எத்தனை தொழில்கள் திறந்திருந்தன என்பதையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

இனி மறுபதிப்புக்கு வருவோம். இக்கதைகளைப் புத்தகமாக்கும் முயற்சி முதலில் இங்கிலாந்திலேயே தொடர்ந்து நடந்தது. கிறிஸ்டீன் காம்பெல் தொம்சன் என்பவர் 1925 தொடக்கம் லண்டனில் வெளியிட்ட ‘நொட் அற் நைட்’ தொகுதிகளுக்கு வேண்டிய கதைகளிற் பெரும்பகுதியை ‘வியர்ட் டேல்ஸ்’ இதழிலிருந்தே எடுத்தார். அமெரிக்காவிலோ நிலைமை வேறு. லவ்கிராவ்ட் 1937 மார்ச்சில் புரோவிடன்ஸ் நகரிலே வறுமையில் இறந்தபோது அவர் பெயரில் வெளிவந்திருந்த கதைநூல் ஒன்றே ஒன்று. பிழைகள் மலிந்த அந்நூலில் ஏறத்தாழ 200 பிரதிகளே கட்டப்பட்டன.

அவருடைய கடித நண்பர்களான ஓகஸ்ட் டேர்லெத், டொனால்ட் வொன்ட்ரே என்னும் இளைஞர் இருவர் அவர் கதைகளைத் தொகுத்துப் பெரிய வெளியீட்டகங்களை நாடினர். எவரும் ஏற்கவில்லை. ஆகவே, 1939இல் விஸ்கொன்சின் மாநிலத்தின் சோக் சிற்றி என்னும் சிற்றூரிலே ‘ஆர்க்கம் ஹவுஸ்’ என்ற பெயரில் தாமே ஒரு வெளியீட்டகத்தைத் தொடங்கினர். வீடு கட்டுவதற்கென வங்கியில் வாங்கிய கடனிலிருந்து டேர்லெத் அதற்குப் பணம் எடுத்தார். முதல் நூலில் 1268 பிரதிகள் அச்சிடப்பட்டன. விலை 5 டொலர். அவற்றை விற்று முடிக்க நான்கு ஆண்டுகள் சென்றன. அந்நூலே இன்று சேகரிப்பாளர் பெருவிலை கொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது.

டேர்லெத்தின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. அவரில்லையேல் இக்கதைகளிற் பல பொடியான தாளோடு போயிருக்கும். ஆயினும், அங்கே நிகழ்ந்த மாற்றத்தையும் கவனித்தல் வேண்டும். நெடுங்காலம் 25 சதத்துக்கு விற்கப்பட்ட சஞ்சிகையிலே வந்த கதை, 5 டொலர்ப் புத்தகத்துட் புகுந்தபோது அதன் விலை 20 மடங்காயிற்று, வாசகனும் மாறினான். தெருமுனைப் பத்திரிகைக் கடையில் வாங்கியவன் போய், தபாலிலே வரவழைத்துக் கண்ணாடி அலுமாரியில் அடுக்குபவன் வந்தான். அக்கதை சாதாரண மனிதனிடம் மீண்டதற்குப் போர் ஒரு காரணமாயிற்று. 1945இல் படைவீரர்க்கு இலவசமாக வழங்கப்பட்ட சிறு பதிப்புகளுள் லவ்கிராவ்ட்டின் தொகுதி ஒன்றும் இருந்தது.

மறுபதிப்பு என்பது தெரிவு என்பதையும் மறந்துவிடலாகாது. ‘வியர்ட் டேல்ஸ்’ வாசகர் தம் காலத்திலே மிகவும் விரும்பியவர் லவ்கிராவ்ட் அல்லர். சீபரி குவின் என்பவரே. சட்டம் கற்ற இவர், சவ அடக்கத் தொழிலாருக்கான வர்த்தக இதழின் ஆசிரியராகவும் இருந்தவர். ஜூல்ஸ் டி கிராண்டின் என்னும் பிரெஞ்சுத் துப்பறிவாளரை வைத்து 90க்கும் அதிகமான கதைகளை எழுதினார். அக்கதைகள் முழுவதும் ஐந்து தொகுதிகளாக ஒழுங்குபட வெளிவந்தது 2017க்கும் 2019க்கும் இடையிலேதான். ஆர்வமுள்ள நண்பர் கூட்டமொன்று பின்னால் நின்ற எழுத்தாளன் மறுபிறப்பெடுத்தான். வாசகர் கூட்டம் மட்டுமே பின்னால் நின்ற எழுத்தாளன் காத்துக்கிடந்தான். குவினின் கதைகளை நாம் பெரிதும் மெச்சவில்லை. எனினும், நிலைத்ததெல்லாம் தகுதியாலேயே நிலைத்தது என்னும் நம்பிக்கையை இவ்வொரு செய்தியே அசைத்துவிடுகிறது.

தெரிவுக்கு அடுத்தது திருத்தம். லவ்கிராவ்ட்டின் நெடுங்கதையான ‘அற் த மவுண்டன்ஸ் ஒவ் மட்னஸ்’ என்பதை றைட் 1931இல் மறுத்துவிட்டார். 1936இல் ‘அஸ்ரவுண்டிங்’ இதழ் அதனை வெளியிட்டபோது பத்திகளை உடைத்தும் பகுதிகளை வெட்டியும் சிதைத்தது. சிதைவு நீங்கிய பாடம் புத்தகமாக வந்தது 1985இல். புனே நகரிற் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்கா சென்ற எஸ். ரி. ஜோஷி என்னும் ஆய்வாளர், பிரவுண் பல்கலைக்கழக நூலகத்திலுள்ள மூலப்படிகளோடு ஒப்புநோக்கி அதனைச் செப்பஞ்செய்தார். ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் கண்ட பதிப்பாசிரியர் மரபை அறிந்த நமக்கு அவ்வுழைப்பின் அருமை புரியாமற் போகாது. சஞ்சிகைக் கதைக்கும் சுத்தப் பாடம் உண்டு என்னும் எண்ணமே ஒரு மதிப்பளிப்பாகும்.

டேர்லெத் தாமே ஒரு தவறு செய்தார். லவ்கிராவ்ட் விட்டுச்சென்ற குறிப்புகளையும் துண்டுகளையும் கொண்டு 1945 தொடக்கம் கதைகள் எழுதி, இருவரின் கூட்டுப் படைப்பு என அவற்றை வெளியிட்டார். அவற்றிலே இறந்தவரின் பங்கு மிகச் சிறிது. விற்பனைக்கு உதவிய பெயரோ இறந்தவருடையது. ஹவார்ட்டுக்கு நேர்ந்தது இதனினும் பெரிது. கொனனுக்குச் சம்பந்தமேயில்லாத அவரது கதைகள் சிலவற்றை எல். ஸ்பிறேக் டி காம்ப் என்பவர் கொனன் கதைகளாக மாற்றி 1955இல் நூலாக்கினார். பின்னர் லான்சர் நிறுவனம் 1966 முதல் பிராங் பிறசெற்றாவின் அட்டைப்படங்களோடு மலிவுப் பதிப்புகளை வெளியிட, கொனன் இலட்சக்கணக்கில் விற்பனையானான். சொல்லுக்குச் சதம் கணக்கிலே எழுதி, அச்சதமும் முழுமையாகக் கிட்டாது மாண்டவனின் படைப்பு, 30 ஆண்டுகளின் பின்னர் பிறருக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித்தரும் பண்டமாயிற்று. ஹவார்ட் எழுதியது எழுதியவாறே வரவேண்டும் என்ற குரல் எழுந்து, 1977இலும் பின்னர் 2003 தொடக்கமும் மூலபாடத்தைத் தழுவிய பதிப்புகள் வெளிவந்தன.

சட்டத்தின் பங்கும் உண்டு. அமெரிக்காவிலே 1964க்கு முன் வெளிவந்த ஆக்கம் எதற்கும் பதிப்புரிமை 28 ஆண்டுகள் வரையே செல்லும்; அந்த இறுதியாண்டிலே புதுப்பித்தால்தான் மேலும் நீளும். நொடித்துப்போன சஞ்சிகைகளின் கதைகளை யார் புதுப்பிப்பர்? ஆகவே, பல கதைகள் பொதுவுடைமையாயின. இன்று அவற்றை எவரும் அச்சிடலாம். பழைய இதழ்கள் படமெடுக்கப்பட்டு இணையத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. தனியுடைமையின் கவனக்குறைவே பொதுமக்களுக்கு ஒரு சொத்தைத் தந்தது என்பது சுவையான முரண்.

இவ்வாறு காக்கப்பட்டவை யாவும் போற்றத்தக்கவையோ என்று கேட்டால், இல்லையென்றே கூறுவோம். இக்கதைகள் பலவற்றிலே கொடிய இனவெறி மண்டிக்கிடக்கிறது. ‘வியர்ட் டேல்ஸ்’ 1927 ஜனவரி இதழில் வந்த லவ்கிராவ்ட்டின் ‘த ஹொரர் அற் றெட் ஹுக்’ கதையிலே, நியூயோர்க்கின் குடியேறிய ஏழைத் தொழிலாளரே அச்சத்துக்குரிய கூட்டமாகக் காட்டப்படுகின்றனர். அதே கதை அவ்வாண்டே லண்டன் தொகுதியொன்றிலும் மறுபதிப்பாயிற்று. உலக மாயப்புனைவு விருதின் சின்னமாக 1975 முதல் வழங்கப்பட்டது லவ்கிராவ்ட்டின் மார்பளவுச் சிலை. 2011இல் அவ்விருதைப் பெற்ற நைஜீரியப் பெற்றோரின் மகளான நெடி ஒகொறாபோர், கறுப்பினத்தாரை இழித்துக் கவிதை எழுதியவரின் தலையைத் தம் வீட்டில் வைத்திருப்பதன் சங்கடத்தைப் பகிரங்கமாக எழுதினார். எதிர்ப்பு வளர்ந்தது, 2015இல் அச்சின்னம் கைவிடப்பட்டது. மறுவருடம் கறுப்பின எழுத்தாளரான விக்டர் லவால், றெட் ஹுக் கதையையே கறுப்பின இளைஞன் ஒருவனின் கண்ணால் மீண்டும் எழுதி ‘த பலட் ஒவ் பிளாக் ரொம்’ என்னும் குறுநாவலாகத் தந்தார்.

இங்கேதான் மறுபதிப்பின் உண்மையான பயனை நாம் காண்கிறோம். இனவெறிக் கதையை ஒளித்துவைத்திருந்தால் லவால் எதற்கு விடையிறுத்திருப்பார்? கதையை வெட்டிச் சுத்தமாக்கி வெளியிட்டிருந்தால் லவ்கிராவ்ட்டின் புகழை யார் கேள்விக்குள்ளாக்கியிருப்பர்? பழையதை உள்ளவாறே காத்தல் வேண்டும். ஆனால் வணங்குதல் வேண்டியதில்லை. அதேபோல, விடுபட்டோரைத் தேடுவதும் மறுபதிப்பின் கடனாகும். 2020இல் ‘வலன்கோர்ட் புக்ஸ்’ என்னும் சிறு வெளியீட்டகம், அச்சஞ்சிகையில் எழுதிய பெண்களின் கதைகளை மட்டும் தனி நூலாகத் தொகுத்தது. கிறேய் லா ஸ்பினா, எவெறில் வொறல், மேரி எலிசபெத் கவுன்சல்மன் முதலியோரை அதன் மூலமே முதன்முதலிற் படித்தோர் பலர். அவர்கள் அங்கு எப்போதும் இருந்தனர். தொகுத்தோரின் கண்ணே அவர்கள் மேற் படவில்லை.

சேகரிக்கும் நண்பர்களுக்கும், இவற்றை மாணவர்க்கு அறிமுகஞ்செய்யும் ஆசிரியர்க்கும் நாம் சொல்ல விரும்புவது இதுவே. அழகிய பதிப்பு கையில் வந்ததும் அட்டையைத் தடவி மகிழ்வதோடு நின்றுவிடாதீர்கள். இது முதலில் எந்த இதழில், எந்த ஆண்டு வந்தது? எழுதியவருக்கு என்ன கிடைத்தது? இப்பாடம் மூலபாடந்தானா, இடையில் யாரேனும் வெட்டினரா? இத்தொகுதியில் இல்லாதவர் யாவர்? இவற்றைக் கேளுங்கள். இயலுமாயின், பழைய இதழின் முழுப்படியையும் ஒருமுறை பாருங்கள். உடலை முறுக்கேற்றும் பயிற்சி, தபால்மூலம் தொழிற்கல்வி, கைவிட்டுப்போன நலத்தை மீட்கும் மருந்து என விளம்பரங்கள் கதைகளைச் சூழ்ந்து நிற்கும். வேலை தேடி அலைந்தவனும் உடல்நலம் குன்றியவனும் முன்னேறத் துடித்தவனும் அக்கதைகளின் வாசகராயிருந்தனர் என்பதை அவ்விளம்பரங்களே சொல்லிவிடும். புத்தகமாக்கும்போது முதலில் உதிர்ந்து போவன அவையே.

பொடியாகும் தாளிலிருந்து கதையை மட்டும் மீட்டால் போதாது. அக்கதையை எழுதியவனின் பசியும், படம் தீட்டியவளின் உழைப்பும், 25 சதம் கொடுத்து வாங்கியவனின் ஏக்கமும் கூடவே மீட்கப்படல் வேண்டும். அப்போதுதான் சேகரிப்பு வரலாறாகும். இன்றேல் அது அலுமாரியை நிரப்பும் பொழுதுபோக்காகவே எஞ்சும்.